டிசம்பரில் கிறிஸ்தவ நாவல் வெளியிடலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஈரோட்டுப் பக்கம், வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறார். முதல் கிறிஸ்தவ நாவல் முடிந்துவிட்டது, 280 பக்கம். பதிப்பகம் எதையும் நாடாமல் சொந்தமாகவே போடப்போகிறார். கிறிஸ்துமஸ் நேரத்தில் இறக்கினால் நன்றாகப் போகுமா, இந்த மாதிரி எழுதுகிறவர்களுக்கு அந்த மாதம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்.

கோவையில் பள்ளிக்கூட வேலை, சர்ச் கொயர், இதற்கு நடுவில் சொந்தக் காசில் கதைப் புத்தகம் போட்டு விற்பது என்று ஓட்டிக்கொண்டிருப்பவள் நான். அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்த நாவலை டிசம்பரில் வெளியிடாதீர்கள். டிசம்பரில் கிறிஸ்தவப் புத்தகம் விற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்போது விற்கிற புத்தகம் வேறு, நீங்கள் எழுதி வைத்திருக்கிற புத்தகம் வேறு.

யார் வாங்குகிறார்கள் என்பதிலிருந்து பார்க்கலாம். கொங்குப் பகுதியில் நம் ஜனம் கொஞ்சம்தான், அதிலும் இரண்டு வகை. ஒன்று, நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரியிலிருந்து மில் வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்து கோவையிலும் திருப்பூரிலும் தங்கிவிட்டவர்கள். இன்னொன்று இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், தாராபுரம், கோபி, சத்தி, ஈரோடு, கரூர் என்று சபை சபையாக இருக்கிறவர்கள். முதல் வகையினர் டிசம்பர் 20 தாண்டினால் ஊரில் இருக்க மாட்டார்கள். டிக்கெட் எப்போதோ எடுத்திருப்பார்கள், பையைக் கட்டிக்கொண்டு தெற்கே போய்விடுவார்கள், புது வருஷம் பிறந்துதான் திரும்புவார்கள். ஆகவே திருப்பூரிலும் கோவையிலும் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையோடு உங்கள் வியாபாரம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரோடு, தாராபுரம் பக்கத்துக் கிராமத்துச் சபைகளில் இது தலைகீழ். அங்கே வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் 24ஆம் தேதிதான் வந்து இறங்குவார்கள், கையில் காசோடு வருவார்கள், பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போது வாங்குவார்கள். இந்தக் கணக்கு தெரியாமல் எல்லா சர்ச்சுக்கும் ஒரே வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பெட்ரோல் காசுகூடத் தேறாது.

என்ன வாங்குகிறார்கள் என்றால், பரிசாகக் கொடுக்க எது தோதோ அதை. சின்னதாக இருக்க வேண்டும், நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பேச்சு முடிய வேண்டும், அட்டை பார்க்க அழகாக இருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளி டீச்சர் பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்குவார், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கிறிஸ்துமஸ் கூடுகைக்கு வாங்குவார்கள், பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேக் தட்டோடு சேர்த்துக் கொடுக்க ஒருவர் வாங்குவார். இதில் ஒருவர்கூட, நான் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்று வாங்குவதில்லை. படிக்க யாருக்கு நேரம்? வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், முறுக்கும் அதிரசமும் சுட வேண்டும், ராத்திரியானால் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிற கேரல் ரவுண்ட்ஸ். 280 பக்க நாவல், விலை முந்நூறு ரூபாயாவது வரும், அதைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்று பாராட்டித் திரும்ப வைத்துவிடுவார்கள். பாராட்டு நிறையக் கிடைக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

டிசம்பருக்கென்று போடுவதானால் 64 பக்கமோ 96 பக்கமோ போடுங்கள். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு, ஆகவே நான்கு ஃபாரம் அல்லது ஆறு ஃபாரம். ஒரே குறுநாவலாக இருக்கலாம், ஏழெட்டுச் சிறுகதையாகவும் இருக்கலாம். உங்கள் நாவலில் வருகிற ஒரு துணைப் பாத்திரத்தை எடுத்து அவருடைய ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரியைத் தனிக் கதையாக எழுத முடிந்தால் இன்னும் நல்லது, பின்னால் நாவலுக்கு அதுவே வழி காட்டும்.

எப்போது எழுதுவது என்பதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளிநாட்டுக் கிறிஸ்துமஸுக்கான துணி மழைக்காலம் தொடங்குவதற்குள் கப்பல் ஏறிவிடும், டிசம்பரில் திருப்பூரில் தைத்துக்கொண்டிருப்பது அடுத்த கோடைக்கான சரக்கு. நமக்கும் அதே நிலைதான். டிசம்பரில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கதை எழுதினால் அது அடுத்த வருஷத்துக்கு. கதை ஆகஸ்டில் முடிய வேண்டும். இரண்டு பேராவது படித்துத் திருத்தம் சொல்ல செப்டம்பர். அக்டோபரில் பக்க வடிவமைப்பும் அட்டையும். நவம்பர் முதல் வாரத்தில் புத்தகம் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓய்வுநாள் பள்ளிப் பரிசுக்கும் சங்கத்துக்கும் மொத்தமாக வாங்குகிறவர்கள் நவம்பரிலேயே முடிவு செய்துவிடுவார்கள். மேசை போட்டு ஒன்றொன்றாக விற்பதைவிட, ஒரு சபை 50 பிரதி எடுத்தால் அதுதான் அந்த வருஷத்துக்கு உங்களைக் காப்பாற்றும். அதற்குக் கமிட்டி கூடி, பொருளாளர் சம்மதித்து, ஆயர் ஒரு தடவை படித்துப் பார்த்து என்று நாள் ஆகும். தீபாவளி இந்த இடைவெளியில் எங்கே வந்து விழுகிறது என்பதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரம் அச்சகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

அச்சகம் என்று சொன்னதும் இன்னொன்று. நவம்பர், டிசம்பரில் சிவகாசி முழுக்க டைரியும் காலண்டரும்தான் ஓடும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி இருப்பதால் சென்னை அச்சகங்களில் பதிப்பகங்களின் புதுப் புத்தகங்கள் வரிசையில் நிற்கும். நம்ம ஊர் அச்சகங்களில் வாழ்த்து அட்டை, கேரல் பாட்டுப் புத்தகம், வாக்குத்தத்த வசன அட்டை. இதற்கு நடுவில் நீங்கள் நூறு பிரதி என்று போய் நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆஃப்செட்டில் ஐந்நூறுக்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது. டிஜிட்டலில் ஐம்பது, நூறு என்று அடிக்கலாம், ஒரு பிரதிக்கு ஆகிற செலவு கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகப் புத்தகம் தூங்காது. முதல் புத்தகத்துக்கு நான் டிஜிட்டலைத்தான் சொல்வேன். இன்னொரு விஷயம், நீங்கள் யூனிகோடில் அடித்துக் கொடுப்பதை அச்சகத்தில் அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ், ஷ், க்ஷ எல்லாம் உடைந்து போகும். மற்றவர்கள் புத்தகத்தில் இந்த எழுத்துகள் எங்காவது ஒன்றிரண்டு வரும், நம் புத்தகத்தில் கிறிஸ்து, ஸ்தோத்திரம், சந்தோஷம், ராஜ்யம் என்று பக்கத்துக்குப் பத்து. கடைசி ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து, விரலை வைத்து வரி வரியாகப் பாருங்கள். செல்போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள்.

செலவு பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ்தான் நினைவுக்கு வருவார். கிறிஸ்துமஸ் கதை என்றாலே உலகம் முழுக்கச் சொல்கிற அந்தக் கஞ்சக் கிழவன் ஸ்க்ரூஜின் கதையை அவர் ஆறு வாரத்தில் எழுதினார், அச்சுச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டார், 1843 டிசம்பர் 19 அன்று புத்தகம் வந்தது. 6,000 பிரதி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் தீர்ந்துவிட்டது. ஆயிரம் பவுண்டு வரும் என்று எதிர்பார்த்தவருக்கு அந்த முதல் பதிப்பில் நின்றது 230 பவுண்டு. காரணம் வேறொன்றுமில்லை, கையால் வண்ணம் தீட்டிய படங்கள், பக்க விளிம்பில் தங்கப் பூச்சு, நல்ல பைண்டிங் என்று ஆசைப்பட்டதையெல்லாம் செய்துவிட்டு விலையை மட்டும் ஐந்து ஷில்லிங்கோடு நிறுத்திவிட்டார். புத்தகம் முழுக்க விற்றும் காசு நிற்காத கதை அன்றைக்கே இருக்கிறது. அட்டையில் பளபளப்புக்கு ஸ்பாட் யூவி, மேடாக எழும்பி நிற்கிற எழுத்துக்கு எம்பாஸிங் என்று அச்சகத்துக்காரர் ஆசை காட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேசை விஷயம். சர்ச் வளாகத்தில் மேசை போட ஆயரிடமும் செயலாளரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பண்டிகை வாரத்தில் போய்க் கேட்டால் அவர்களுக்கே தலைக்கு மேல் வேலை. முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்கும் கேரல் ஆராதனை மாலைக்கும் கூட்டம் நன்றாக இருக்கும். கேரல் ஆராதனைக்கு மற்ற சபைக்காரர்களும் வருவார்கள், கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் பாட்டுக் கேட்க வருவார்கள். கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனைக்கு மேசையே போடாதீர்கள், நாலு மணிப் பனியில் வந்தவர்கள் முடிந்ததும் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். டிசம்பர் 31 இரவு கூட்டம் அலைமோதும், ஆனால் அன்றைக்குக் கை போவது காலண்டருக்கும் வசன அட்டைக்கும்தான்.

மேசைக்கு வருகிற பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி எங்கே போனாலும் மாறாது. "ஏனுங்கம்மிணி, இது பிரசங்கமுங்களா, கதைங்களா?" கதைதானுங்க என்றால் அடுத்தது வரும்: "கதைன்னா கற்பனைதானுங்களே, அதைக் கோயில்ல வெச்சு விக்கறீங்களே?" நல்ல சமாரியனும் கெட்ட குமாரனும் கதைதானுங்களே என்று பதில் சொல்லலாம், சொன்னால் அவர் வாயடைத்துப் போவார், புத்தகத்தையும் வாங்காமல் போவார். வாதத்தில் தோற்றவர் யாரும் பர்ஸைத் திறப்பதில்லை. நான் செய்வது, முதல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவது. முதல் பக்கத்தில் ஒரு சண்டையோ, வீட்டுக்கு வந்து நிற்கிற ஒரு ஒறம்பரையோ (விருந்தாளிதான்) இருந்தால் அவர் நின்றுகொண்டே இரண்டாம் பக்கம் புரட்டுவார். முதல் பக்கத்தில் இயற்கை வர்ணனை இருந்தால் மூடி வைத்துவிடுவார். எந்த விமர்சகரிடமும் கிடைக்காத பாடம் அது.

அவர் அப்படிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தமிழில் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனால் பிரசங்கம், வேத விளக்கம், சாட்சி, மிஷனரி வரலாறு, மொழிபெயர்ப்பு என்று அடுக்கியிருக்கும், கதைக்கு ஓரத்தில் ஒரு தட்டு இருந்தால் அதிகம். வேடிக்கை என்னவென்றால், தமிழின் முதல் நாவலை எழுதி 1879இல் வெளியிட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீஃப் வேலை பார்த்த கத்தோலிக்கர். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது என்பது நீங்களும் நானும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவர் எழுதியது கிறிஸ்தவ நாவல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தட்டு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அடுத்தது காசு பற்றிய சங்கடம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிசம்பரில்தான் இது உச்சத்துக்குப் போகும். "ஊழியம்தானுங்களே, சும்மா குடுங்க" என்பார்கள். கேட்கிறவர் கெட்டவர் இல்லை, உங்களைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவராக இருப்பார், உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவராக இருப்பார். பத்துப் பிரதி இலவசமாகக் கொடுங்கள், ஜெயிலுக்குக் கொண்டுபோகிறோம், ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோம் என்பார்கள். வசனமும் தயாராக இருக்கும்: "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." அது மத்தேயு பத்தாம் அதிகாரம் எட்டாம் வசனம். அதே அதிகாரத்தில் இரண்டே வசனம் தாண்டினால், "வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான்" என்று இருக்கிறது. எட்டாம் வசனம் சொல்கிறவர்கள் யாரும் பத்துக்கு வந்து சேர்வதில்லை.

இதற்கு நான் வைத்திருக்கிற ஏற்பாடு, அச்சடிக்கும்போதே இத்தனை பிரதி இலவசத்துக்கு என்று தனியாக ஒதுக்கி, அந்தச் செலவையும் மற்றப் பிரதிகளின் விலையில் சேர்த்துவிடுவது. ஒதுக்கியது தீர்ந்ததும், தீர்ந்துபோச்சுங்க, யாராவது இத்தனை பிரதிக்குக் காணிக்கை போட்டால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஒருவர் போடுவார், அதையும் பார்த்திருக்கிறேன். கடையில் வைத்தால் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், அது அவர்கள் வாடகைக்கு, தப்பில்லை. ஆனால் விலை வைக்கும்போதே அந்தக் கழிவு போனாலும் அச்சுச் செலவு நிற்கிற மாதிரி வையுங்கள். தெரிந்தவர்கள் என்று விலையைக் குறைத்துப் போட்டுவிட்டால் பிறகு கடைப் பக்கமே போக முடியாது.

இதைவிட மோசமானது பிடிஎஃப். நல்ல எண்ணத்தில் யாராவது உங்கள் புத்தகத்தைச் செல்போனில் ஸ்கேன் செய்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஆசீர்வாதமாக இருந்தது, மற்றவர்களுக்கும் அனுப்புங்கள் என்று எழுதிவிடுவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, மறுநாள் ஆராதனையில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டியவர். ஆகவே நானே முந்திக்கொண்டு இலவசமாக ஒன்று கொடுத்துவிடுகிறேன்: ஆகமன காலத்துக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளுக்கும், வாரம் ஒரு குட்டிக் கதை, வாட்ஸ்அப்பில், அடியில் புத்தகத்தின் பெயரும் என் எண்ணும். பரப்புகிறவர்கள் அதைப் பரப்பட்டும். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். அதனால் மேசையில் புத்தகம் வாங்குகிறவரிடம் அங்கேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு அதே கதையைப் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் அதற்கு வருகிற பதில்கள் தனி ரகம், மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அப்படியே கதையில் எங்கே தப்பு என்றும் சொல்வார்கள்.

இணையத்தில் விற்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுகிறவரே நேராக மின்னூல் வெளியிடுகிற அமேசான் கேடிபியில் தமிழ் மின்னூல் போடலாம். இந்தியாவில் விற்கிற பிரதிக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது, பதிலுக்கு அந்த 90 நாளில் ஐந்து நாள்வரை இலவசமாகக் கொடுக்க விடுவார்கள். டிசம்பரில் விற்ற காசு பிப்ரவரி கடைசியில்தான் வரும், கிறிஸ்துமஸ் செலவுக்கு அதை நம்பாதீர்கள். வாங்குகிறவர்களில் துபாய், சிங்கப்பூர் என்று வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் கணிசம். உள்ளூர் வாசகருக்கு இன்னும் தாள்தான்.

தபாலுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 மே முதல் அஞ்சல் துறையில் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை இருக்கிறது, கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சுப் புத்தகங்களுக்கு. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஆகவே பண்டிகைக்குள் சேர வேண்டிய கட்டை டிசம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். வணிக விளம்பரம் அச்சிட்ட புத்தகத்துக்கு இந்தக் கட்டணம் கிடையாது, அதனால் செலவைச் சமாளிக்கப் பின்னட்டையில் தெரிந்த பேக்கரிக்காரரின் வாழ்த்து விளம்பரம் வாங்கிப் போடலாம் என்று யோசித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கதைக்குள்ளே என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. டிசம்பர்க் கதை என்றதும் நம்மில் பலருக்கு பனி கொட்ட ஆரம்பித்துவிடுகிறது, கணப்பு அடுப்பு எரிகிறது, பைன் மரம் வந்துவிடுகிறது. இங்கே டிசம்பர் என்றால் மார்கழி. பாலக்காட்டுக் கணவாயை நோக்கி வீசுகிற காற்று, விடியற்காலையில் கேரல் முடித்துத் திரும்பும்போது தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள், தூரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கேரல் குழுவும் கோலம் போடுகிறவர்களும் ஒரே தெருவில் எதிரெதிரே வருகிற அந்த நேரம் ஒன்றே ஒரு கதைக்குப் போதும், இதைவிட்டுவிட்டு லண்டன் பனிக்கு ஏன் போக வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. திருப்பூரில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிற கிறிஸ்தவப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊருக்குப் போக முடியாமல் விடுதி அறையில் தங்கள் மொழியில் பாடிக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் யார் எழுதியிருக்கிறார்கள்? பழைய காலத்துக்குப் போக ஆசையென்றால் அதற்கும் பஞ்சமில்லை. லண்டன் மிஷனின் மிஷனரி அடிஸ் கோவைக்கு வந்தது 1830இல். உங்கள் ஈரோட்டில் பிரப் ரோடு என்று தினமும் சொல்கிறார்களே, அந்த பிரப் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி, அவர் பெயரில் நிற்கிற கோயிலைக் கட்டிய வருஷங்களில் அங்கே கல் சுமந்த குடும்பங்களின் கிறிஸ்துமஸ் எப்படி இருந்திருக்கும்? கோவையில் பிளேக் பரவி ஊரே காலியான காலம் உண்டு, பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் அதற்குச் சாட்சி. அப்படி ஒரு டிசம்பரில் ஆராதனை நடத்துவதா வேண்டாமா என்று நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற காட்சியை நீங்கள் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

ஒரு ஆபத்து உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். நம் ஜனம் கொஞ்சம் என்பதால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஊரில் ஆள் தேடுவார்கள். கதையில் ஒரு பொருளாளர் கேரல் காணிக்கையில் கை வைத்தால், இது நம்ம சபைதானுங்களே என்று மறுவாரமே கேட்பார்கள். சபைக்குள் இருக்கிற சாதியை எழுதினால் கேட்கக்கூட மாட்டார்கள், மேசைக்கு வராமல் வேறு வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அதற்காக எழுதாமல் விடச் சொல்ல மாட்டேன், அதை எழுதாத கொங்குக் கிறிஸ்தவக் கதை பாதிக் கதைதான் என்பது என் எண்ணம். ஆனால் அதை டிசம்பர்ப் பரிசுப் புத்தகத்தில் வைக்காதீர்கள், நாவலில் வையுங்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சர் அம்பது பிரதி வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கமிட்டியின் முன்னால் போய் நிற்க வேண்டிய நிலையை அவருக்கு உண்டாக்குவது நியாயமில்லை.

கத்தோலிக்க வாசகர்களையும் நினைத்தால், அவர்கள் படிப்பது 1995இல் வந்த திருவிவிலியம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே வீடுகளில் பழைய மொழிபெயர்ப்பு. பாத்திரம் எந்தச் சபையோ அந்த வேதாகமத்திலிருந்தே அவர் வசனம் சொல்லட்டும். கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கப் பாட்டி பழைய மொழிபெயர்ப்பில் ஜெபித்தால் படிக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அப்புறம் அந்த மாதம் எழுத்தாளருக்கு எப்படிப் போகும் என்ற கேள்வி. எழுத்து நடக்காது. எனக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, கட்டுக் கட்டாக விடைத்தாள், சாயங்காலம் கொயர் பயிற்சி, அதன்பிறகு கேரல், திரும்பி வர ஒரு மணி ரெண்டு மணி. வீட்டில் பார்சல் கட்டுவதற்குப் பிள்ளைகளை உட்கார வைத்தால் முகவரி ஒட்டுவதற்குள் சண்டை வந்துவிடும். உங்கள் வேலை வேறாக இருக்கலாம், ஆனால் இந்த மாதத்தில் நீங்கள் முதலில் சபை ஆள், வீட்டு ஆள், அப்புறம் விற்பனையாளர், கடைசியில்தான் எழுத்தாளர். அதை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டால் எரிச்சல் குறையும். பையில் ஒரு நோட்டு மட்டும் இருக்கட்டும். கேரலுக்குப் போகிற வீடுகளில் கேட்கிற பேச்சு, யார் கதவைத் திறக்கவில்லை, எந்த வீட்டில் போன வருஷம் இருந்த ஆள் இந்த வருஷம் இல்லை, அப்போது பாட்டு எப்படித் தழதழத்தது, இதையெல்லாம் அன்றைக்கே நாலு வரி குறித்து வைத்தால் ஆகஸ்டில் உட்காரும்போது கையில் சரக்கு இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் கிறிஸ்துமஸை நினைத்து எழுதுவது லேசான வேலை இல்லை.

சரி, உங்கள் 280 பக்க நாவலுக்கு வருகிறேன். மக்கள் படிப்பது ஜனவரியில்தான் ஆரம்பிக்கும். பொங்கல் லீவில், காப்புக்கட்டும் பூப்பறிக்கிற நோம்பியும் முடிந்து வீடு ஓய்ந்தபிறகு, பரிசாக வந்த சின்னப் புத்தகத்தை யாராவது எடுத்துப் படிப்பார்கள். பிடித்திருந்தால், இவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்போது நாவல் தயாராக இருக்க வேண்டும். ஜனவரி கடைசி வாக்கில் திருப்பூர் புத்தகத் திருவிழா நடக்கும், தனியாக ஸ்டால் எடுக்க வாடகை கட்டுப்படியாகாது, தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் பத்துப் பிரதி வைக்கக் கேளுங்கள். அதைவிட முக்கியம் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். நாற்பது நாளும் சினிமா, விசேஷம் என்று எதற்கும் போகாமல் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, பெரிய புத்தகத்தைக் கையில் எடுக்கிற பொறுமை அப்போதுதான் அவர்களுக்கு வரும். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் முன்னால் நாவலை வெளியிட்டுவிட்டால் போதும். அது தவறினால் ஆகஸ்டில் உங்கள் ஊரிலேயே ஈரோடு புத்தகத் திருவிழா இருக்கிறது, ஆனால் அவ்வளவு நாள் தள்ள வேண்டாம்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு மட்டும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். சின்னப் புத்தகத்துக்கும் நாவலுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதால் ஒன்றோடு நிறுத்தாமல் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.